சவரிமுத்துவின் பலகையில் ஓர் ஓட்டை இருக்கிறது

என் மேசைக்கு வரப்போகிற உங்கள் இருவருக்கும்,

இருபத்தாறு வயதில் ஓய்வு பெற்றுக்கொண்டு போகிறவள் பணி அனுபவம் எழுதுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. நம் பத்திரிகை ஆசிரியர், "புதுசா வாரவங்களுக்கு நாலு வார்த்தை எழுதி வச்சுட்டுப் போங்கம்மா, புத்திமதியா இருக்கட்டும்" என்றார். பெரியவர்கள் சொன்னால் செய்துவிடுவது என் பழக்கம். அதன் பலனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. இதை எழுதுவது சரிதானா என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு முறை கிழித்துப் போட்டு மூன்றாம் முறையாக எழுதுகிறேன். கிரேஸ் தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுந்தால் பாதியில் நிற்கும்.

புரூப் திருத்துவது, விளம்பரத்துக்கு இடம் விடுவது, தணிக்கை அதிகாரிக்குப் பிரதி அனுப்புவது எல்லாம் அச்சுக்கூடத்துப் போர்மேன் சொல்லித் தருவார். நான் செய்த ஒரே ஒரு பிழையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதை எந்தப் புரூப்பிலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அச்சுக்கூடத்து ஜன்னலுக்குக் கீழே ஒரு தகரத் தட்டு இருக்கும், பாருங்கள். அதில் சில தலைப்புகளை எழுத்துக் கோத்து, நூலால் இறுகக் கட்டி வைத்திருப்பார்கள். 'சந்தை நிலவரம்', 'கோயில் விசேஷம்', 'கப்பல் வரவு'. வாராவாரம் வேண்டியவற்றைப் புதிதாகக் கோத்துக்கொண்டிருக்க முடியுமா? எடுத்து வைத்தால் வேலை முடிந்தது. அதே தட்டில் இன்னும் இரண்டு கட்டுகள் உண்டு. ஒன்று, 'விதியின் கொடுமை!' இன்னொன்று, 'ஆண்டவன் அருளிய அதிசயம்!' இரண்டும் கண், காது, கை, கால் இவற்றில் ஏதாவது குறைந்தவர்களுக்கு உரியவை. யாருக்கு எது என்று நான் வந்த புதிதில் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "வீட்டுல உக்காந்திருந்தா கொடுமை. எந்திரிச்சு வேலைக்குப் போனா அதிசயம்" என்றார்.

ஒரு தடவை உப்பளத்தில் சாக்குத் திருடிய நான்கு பேரைப் பிடித்தார்கள். 'ஒற்றைக்கண் திருடன் கூட்டாளிகளுடன் கைது' என்று போட்டோம். மற்ற மூவரும் இரண்டிரண்டு கண்ணோடு திருடியதை நாம் சொல்லவில்லை. நான்தான் புரூப் பார்த்தேன். ஒரு பிழையும் தென்படவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. துறைமுகப் பட்டணத்துப் பத்திரிகையில் 'கப்பல் வரவு' போடக்கூடாது என்று தடை. எந்தக் கப்பல் வெளியே நங்கூரம் போட்டிருக்கிறது என்று கடற்கரைக் காக்கைக்குக்கூடத் தெரியும், நம் வாசகருக்கு மட்டும் தெரியக்கூடாது. அதனால் முதல் பக்கத்தில் அந்தப் பத்தி வாராவாரம் காலியாகிவிடும். ஒரு வியாழக்கிழமை ஆசிரியர், "சங்குக் கிட்டங்கியில கண்ணு தெரியாத ஒருத்தன் சங்கு தரம் பிரிக்கானாம். போய்ப் பாத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார். கிரேஸுக்கு அப்போது ஏழு மாதம். பக்கத்து வீட்டு ஆசீர்வாதத்தம்மாளிடம் விட்டுவிட்டு, தொட்டில் கயிற்றை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன்.

சரக்கு அடைத்து வைக்கிற அந்தக் கிட்டங்கிக்குள் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். சங்கின் சதை அழுகிய நாற்றம் எத்தனை கழுவினாலும் போகாது. சர்க்கார் ஏலத்தில் சங்கை எடுத்து, தரம் பிரித்து, கல்கத்தாவுக்கு வளையல் அறுக்க அனுப்புகிற அண்ணாச்சியின் கிட்டங்கி அது. நடுவில் ஒரு சாக்கை விரித்து, நாற்பது வயது இருக்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் சவரிமுத்து. மடியில் ஒரு பலகை, பலகையில் வட்டமாக ஓர் ஓட்டை. ஒரு சங்கை எடுப்பார், ஓட்டையில் விடுவார். விழுந்தால் இடப்பக்கக் குவியல், விழாவிட்டால் வலப்பக்கக் குவியல்.

"பெரிய சங்கு எது, சின்ன சங்கு எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பலகையில ஓட்டை இருக்குல்லா டீச்சரம்மா. உள்ள போனா பொடிசு, போகலேன்னா பெருசு."

நான் டீச்சர் இல்லை. ஆனால் படித்த பெண் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தால் இந்த ஊரில் டீச்சரம்மாதான்.

"பலகை இல்லாமல் சொல்ல முடியுமா?"

"பலகைதான் இருக்கே, அது இல்லாம எதுக்குச் சொல்லணும்?"

"பூச்சி அரித்த சங்கு எப்படித் தெரியும்?"

"விரல விட்டுத் தடவிப் பாக்கதுதான். கண்ணு உள்ளவனும் அப்படித்தான் பாக்கான். சங்குக்குள்ள எட்டிப் பாத்தா என்ன தெரியும், இருட்டுதான்."

எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை. "உங்களுக்கு மனக்குறை எதுவும் இல்லையா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அந்தக் குரலை நீங்களும் பழகிக்கொள்வீர்கள். துக்க வீட்டில் பேசுகிற குரல் அது.

அவர் கையிலிருந்த சங்கைக் கீழே வைத்தார். "இல்லாம என்ன? இந்தக் கூரை ஒழுகுது. மழை வந்தா பலகை, சாக்கு, நான் எல்லாம் ஒண்ணா நனையுதோம். அண்ணாச்சிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கு. அத எழுதுங்க, புண்ணியமாப் போகும்."

நான் பலகையையும் எழுதினேன், கூரையையும் எழுதினேன். ஆசிரியர் படித்துவிட்டுப் பேனாவால் காதைச் சொறிந்துகொண்டார்.

"இந்தப் பலகை எதுக்கும்மா?"

"அதை வைத்துத்தான் அளக்கிறார் சார்."

"அதான் கேக்கேன். பலகை இருந்தா அதிசயம் எங்க இருக்கு? பலகையை எடுங்க, அதிசயம் தானா வந்துரும்."

"கூரை ஒழுகுகிறது என்று சொன்னார்."

"ஊருல எல்லாருக்கும் ஒழுகுது."

எடுத்துவிட்டேன். அது மட்டும் என்றால் பழியை ஆசிரியர் மேல் போட்டுவிடலாம். பலகை போன இடத்தில் ஒரு வரி குறைந்தது. அங்கே, 'விழியில் வைக்க மறந்த ஒளியை ஆண்டவன் இவர் விரல் நுனியில் வைத்தான்' என்று நானாகவே எழுதினேன். அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டுக்காரரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறை கிரேஸைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். மிஷன் ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறு புத்தகத்தில், ஆறாம் மாதம் குழந்தை உட்காரும் என்று போட்டிருந்தது. அவள் உட்காரவில்லை. தினமும் அந்தப் புத்தகத்தைத் திறந்து அவளை அளந்துகொண்டிருந்த நான்தான், சங்கை அளக்கிறவருக்குப் பலகை வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போர்மேன் தட்டிலிருந்து 'ஆண்டவன் அருளிய அதிசயம்!' கட்டை எடுத்து வைத்தார். சனிக்கிழமை பத்திரிகை வந்தது. தபால் வந்தது. ஊரே பாராட்டியது.

புதன்கிழமை மத்தியானம் கம்பைத் தட்டிக்கொண்டு சவரிமுத்து நம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா இருக்காகளா? எம் பலகையை என்ன பண்ணீக?"

நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு தடவை தொடுங்கள் என்றிருக்கிறார்கள். ஒருத்தர் வயிற்று வலி என்று சட்டையைத் தூக்கிவிட்டார். ஆறுமுகநேரியிலிருந்து வந்த ஒருவர் காணாமற்போன பசு எந்தத் திசையில் நிற்கிறது என்று கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"பசு பலகைக்குள்ள போகுமான்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். கல்கத்தா வியாபாரிகளுக்காக இங்கே சரக்குப் பார்த்து அனுப்புகிற தரகர் ஒருவர் உண்டு. அவரும் நம் வாசகர். 'பலகையில் அளந்த சங்கு என்றுதான் எங்களுக்குப் பேச்சு. விரல் நுனி ஒளியில் அளந்த சங்கை நாங்கள் கேட்கவில்லை. திங்கட்கிழமை வந்து பார்ப்பேன், சந்தேகம் வந்தால் மொத்தச் சரக்கும் வேண்டாம்' என்று அண்ணாச்சிக்கு எழுதிவிட்டார். அண்ணாச்சி சவரிமுத்துவைப் பதினோரு வருஷ வேலையிலிருந்து எழுப்பிவிட்டு, "திங்கக்கிழமை வரைக்கும் இந்தப் பக்கம் வராதே. அவரு சரக்கை ஒதுக்குனா உன்னை வச்சுக்கிட முடியாதுலே. அதிசயக்காரன் கோயில்ல உக்காரு, கிட்டங்கியில எதுக்கு?" என்று சொல்லிவிட்டார்.

நான் அப்படியே ஆசிரியரிடம் ஓடினேன். அவர் முகம் மலர்ந்தது. நான் பொய் சொல்லவில்லை, மலர்ந்தது.

"வேலை போயிருச்சா? அடடா! போர்மேன், அந்த 'விதியின் கொடுமை' கட்டை எடும். போன வாரம் அதிசயம், இந்த வாரம் கொடுமை. தொடர்ச்சியா வரும். நல்லா உருக்கமா எழுதிருங்கம்மா, உதவ விரும்புறவங்க நம்ம விலாசத்துக்கு எழுதலாம்னு கடைசியில போட்டுருங்க."

"சார், பலகை இருக்கிறது என்று ஒரு திருத்தம் போட்டால் போதும். வேலை போகாது."

"திருத்தமா? அதிசயம் நடக்கலன்னு யாராவது திருத்தம் போடுவாகளா? வாசகர் என்ன நெனைப்பார்?"

வாசலில் நின்ற சவரிமுத்துவுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "ஐயா, அதிசயம்னு போட எழுத்து வச்சிருக்கீக, கொடுமைன்னு போட வச்சிருக்கீக. வேலைக்காரன்னு போட இல்லையோ?" என்றார்.

போர்மேன் தட்டைப் பார்த்துவிட்டு, "கட்டி வைக்கலப்பா. புதுசாத்தான் கோக்கணும்" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆசிரியர் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்செந்தூர் போய்விட்டார். உருக்கமான கட்டுரையை நான் எழுதி முடித்திருந்தேன், ஏனென்றால் எழுதச் சொல்லியிருந்தார். எழுத்தும் கோத்தாகியிருந்தது. நாலு மணிக்குப் பக்கத்தை இறுக்கிக் கட்டி அச்சில் ஏற்ற வேண்டும். ஆசீர்வாதத்தம்மாளுக்கு உடம்பு சரியில்லாததால் கிரேஸையும் ஆபீஸுக்குத் தூக்கி வந்திருந்தேன். காகிதக் கட்டுகளுக்கு நடுவே துணி விரித்துப் படுக்க வைத்து, தலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டு, அந்தப் பக்கம் ஒரு கட்டு வைத்தேன். பிறகு கட்டு சரிந்து விழுமோ என்று இரண்டையும் எடுத்துவிட்டேன்.

உங்களுக்கு நான் ஒளிக்க விரும்பவில்லை. தைரியமாக முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. ஆசிரியர் பேச்சை மீறலாமா? வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? திருத்தம் போட்டும் தரகர் ஒப்புக்கொள்ளாவிட்டால்? மூன்று மணி வரைக்கும் இதையே சுற்றிச் சுற்றி நினைத்தேன். அப்புறம் ஒரு சின்ன விஷயம்தான் தோன்றியது. திங்கட்கிழமை தரகர் வருவார், நாளை விட்டால் நம் பத்திரிகை அடுத்த சனிக்கிழமைதான் வரும். இன்று போடாவிட்டால் போடுவதற்கே ஒன்றும் இருக்காது.

"போர்மேன், கொடுமையை எடுத்துவிடுங்கள்" என்றேன்.

"ஐயா கேட்டா?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று சொல்லுங்கள்."

"அதச் சொல்லத்தான் போறேன்" என்றார் அவர்.

திருத்தம் என்றால் கடைசிப் பக்கத்தில் பல்பொடி விளம்பரத்துக்கு அடியில், பொடி எழுத்தில் போடுவது நம் வழக்கம். நான் முதல் பக்கத்தில், அதே பத்தியில், அதே அளவு எழுத்தில் போட்டேன். எழுதியது இவ்வளவுதான்: 'சங்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கும் சவரிமுத்து சங்குகளை எல்லோரையும் போலப் பலகையில்தான் அளக்கிறார். பலகையில் ஓர் ஓட்டை இருக்கிறது. சென்ற வாரம் அந்தப் பலகையைப் பற்றி எழுதாமல் விட்டது எங்கள் பிழை.' 'எங்கள்' என்பதை 'என்' என்று மாற்றினேன். பிறகு மறுபடி 'எங்கள்' என்று மாற்றினேன். போர்மேன், "அம்மா, எழுத்து தேஞ்சு போகும்" என்றார். 'எங்கள்' என்றே அச்சாயிற்று. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

திங்கட்கிழமை கிரேஸை இடுப்பில் வைத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அண்ணாச்சி நம் பத்திரிகையைத் தரகர் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க, பலகை இருக்குன்னு போட்டிருக்கான்."

தரகர் கையில் வாங்கவே இல்லை. "போன வாரம் பலகை இல்லேன்னதும் இதே பத்திரிகைதானே அண்ணாச்சி?"

பதினோரு முறை படித்துப் பார்த்து நான் போட்ட திருத்தத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. நாம் எழுதுவதை ஒருவர் நம்பாமல் போகும்போது, அவர் சொல்வதுதான் நியாயம் என்று தெரிந்துகொண்டே நிற்பது என்ன மாதிரி என்று அன்று கண்டேன்.

தரகர் தன் பையிலிருந்து தன்னுடைய பலகையை எடுத்தார். பெரிய சங்கு மூட்டைகளில் ஐந்தைக் காட்டி, கொட்டச் சொன்னார். ஒவ்வொரு சங்காக ஓட்டையில் விட்டார். சவரிமுத்து கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். விழாத சங்குக்குச் சத்தம் இல்லை. ஒன்று விழுந்தது, கீழே சாக்கில் 'தொப்' என்று கேட்டது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் சவரிமுத்துவின் கம்பு தரையில் ஒரு அழுத்து அழுத்தியது. ஐந்து மூட்டை முடிந்தபோது நாலு சங்கு விழுந்திருந்தது.

"நாலு" என்றார் தரகர்.

அண்ணாச்சியின் முகம் கறுத்தது. நான் கிரேஸை இறுக்கிப் பிடித்ததில் அவள் அழத் தொடங்கினாள்.

தரகர் பலகையைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "நாலு எல்லாக் கிட்டங்கியிலயும் வரும். இது மனுசன் பாத்த வேலைதான். அதிசயம்னு எழுதுனதாலதான் பயந்து வந்தேன். சரக்கை ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அண்ணாச்சி அவர் வண்டி தெருமுனை திரும்புகிற வரை காத்திருந்தார். அப்புறம் வெடித்தார்.

"ஏலே சவரி! நாலு பொடிசு எப்படிலே பெருசுல வந்துச்சு? வேலை பாக்கியா, தூங்குதியா? நாலு சங்கு!"

பதினோரு வருஷம் வசை வாங்கிய மனிதர், ஒரு வாரமாக ஊரே கும்பிட்டதில் ஒடுங்கிப்போயிருந்தவர், அந்த வசை காதில் விழுந்ததும் நிமிர்ந்து நின்றார். சாக்கு இருக்கும் இடத்துக்கு நேரே நடந்து, உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"தூங்குதேனா? கூரை ஒழுகி ஒழுகிப் பலகை ஊறிக் கெடக்கு அண்ணாச்சி. மரம் ஊறுனா ஓட்டை சுருங்கும்லா. சுருங்குனா பொடிசு எப்படி உள்ள போகும்? எத்தன தடவ சொன்னேன், நீங்க கேட்டீகளா? அந்தா நிக்காகளே டீச்சரம்மா, அவுகட்டயும் சொன்னேன். அவுகளும் எழுதல."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கூரையைப் பார்த்தேன். வெயில் ஏழெட்டு இடத்தில் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"இனிமே அதிசயம் தேடி இங்கன வராதீக" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டுக் கணக்கு மேசைக்குப் போனார்.

சவரிமுத்து கிரேஸின் அழுகையைக் கேட்டுக் கையை நீட்டினார். அவளுடைய மூடிய கையைப் பிடித்து ஓட்டையில் விட்டார். அழுகை நின்றது. "பொடிசு" என்றார். "இந்தப் பக்கம் போடணும்."

எனக்கு ஏனோ அவரிடம் சொல்லத் தோன்றியது. "ஏழு மாதம் முடிந்துவிட்டது, இன்னும் உட்காரவில்லை. ஆறிலேயே உட்கார வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது."

"அந்தப் புஸ்தகம் எழுதுனவரு உங்க ஆபீசுக்காரரா?" என்று கேட்டார்.

திருச்செந்தூரிலிருந்து வந்த ஆசிரியர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆண்டவன் அருளைப் பத்திரிகை பழித்துவிட்டது என்று வாசகர்கள் எழுதிய கடிதங்களை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். வேலை போகவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் இருந்தேன். கிரேஸ் ஒன்பதாம் மாதம் உட்கார்ந்தாள். இப்போது ஓடுகிறாள், அதனால்தான் வேலையை விடுகிறேன். கடலும் தெப்பக்குளமும் உள்ள ஊர்.

அந்த இரண்டு கட்டுகளையும் அவிழ்த்து எழுத்துகளைப் பெட்டியில் போட்டுவிடச் சொல்லிப் போர்மேனைக் கேட்டேன். "அவுத்தா நாளைக்கே மறுபடி கோக்கச் சொல்வாரு, எனக்கு ரெட்டை வேலை" என்றார். ஆகவே அவை தட்டில்தான் இருக்கின்றன, உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில்.

கூரையைப் பற்றி அடுத்த வாரமே ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். "இதுல என்ன செய்தி இருக்கு?" என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று தடவை கொடுத்தேன். அந்தத் தாளை மேசையின் இடது இழுப்பறையில், பசை டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சவரிமுத்து பலகையை வெயிலில் காயப் போட்டுவிட்டு, காய்கிற வரை சும்மா உட்கார்ந்திருந்தார். கூரை இன்னும் ஒழுகுகிறது. அந்த ஐந்து வரியைப் போடுவதற்கு முன் ஒருமுறை நீங்களும் போய்ப் பார்த்துவிடுங்கள்.